மூட்டையைப் பிடித்திருப்பது எது? சமன் விசையும் சமனில்லா விசையும்



காலையில் ஷட்டரைத் தூக்குவதில் தொடங்கி இரவில் அதை இறக்கும் வரை நம் வேலையில் பாதிக்கு மேல் தூக்குவது, இறக்குவது, தள்ளுவது, அடுக்குவது, நிறுப்பது ஆகியவைதான். விலை, வரி, கடன், வசூல் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு இந்த வேலைகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் ஆளுக்கு அடிபடுவதும் சரக்கு சேதமாவதும் இவற்றில்தான் நடக்கின்றன. எனவே இந்தப் பாடம் அவற்றைப் பற்றியது.

முதலில் என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1997-ஆம் ஆண்டு. மொத்தக் கடையிலிருந்து 15 கிலோ எண்ணெய் டின்கள் நாற்பது, ஒரு மினி லாரியில் என் கடைக்கு வந்துகொண்டிருந்தன. டின்களுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. அந்த இடைவெளியில் லோடுமேன் ஒருவர் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கயிறு வண்டியிலேயே கிடந்தது. பக்கத்துத் தெருதானே என்று கட்டவில்லை. திருப்பத்தில் ஓர் ஆடு குறுக்கே ஓட, ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது. டின்கள் நிற்கவில்லை. லோடுமேனுக்கு வலது காலில் எலும்பு முறிந்தது. நான்கு மாதம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை.

"ஆடு குறுக்கே வந்துட்டுது அண்ணாச்சி, நான் என்ன செய்யட்டும்?" என்றார் ஓட்டுநர். டின்களை அடுக்கியவர்கள், "பிரேக்கை இப்படியா அடிப்பாங்க? டின் எல்லாம் பாய்ஞ்சு வந்துட்டுது" என்றார்கள். நானும் இருவர் மேலும் கோபப்பட்டேன். மருத்துவமனையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு கேள்வி எழுந்தது. டின் முன்னால் பாய்ந்தது என்கிறோமே, அதை முன்னால் தள்ளியது யார்? எப்படி யோசித்தாலும் யாரும் தள்ளவில்லை. பிறகு ஏன் வந்தது?

இதற்கு விடை ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இருக்கிறது. நாம் படித்து, தேர்வு எழுதி, மறந்துவிட்ட பாடம். அதை நம் கடைச் சாமான்களை வைத்தே மறுபடி படிப்போம்.

விசை என்றால் என்ன?

ஒரு பொருளைத் தள்ளுவதும் இழுப்பதும் விசை. கை தள்ளுவது விசை. கயிறு இழுப்பது விசை. பூமி எல்லாப் பொருளையும் கீழ்நோக்கி இழுக்கிறதே, அதுவும் விசை. அதைத்தான் நாம் எடை என்கிறோம். தரை ஒரு மூட்டையைத் தாங்குகிறது என்றால், தரை அந்த மூட்டையை மேல்நோக்கித் தள்ளுகிறது என்று பொருள்.

விசைக்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. பாடநூலில் இதை நியூட்டன் என்ற அலகால் அளப்பார்கள். ஒரு கிலோ சர்க்கரையைப் பூமி இழுக்கும் விசை சுமார் 9.8 நியூட்டன். 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 490 நியூட்டன். நமக்குப் பழக்கமானது கிலோதான் என்பதால், இந்தப் பாடத்தில் 50 கிலோ மூட்டையைப் பூமி "50 கிலோ விசையால்" இழுக்கிறது என்றே எழுதுகிறேன். கணக்குப் புரிவதற்கு இது போதும்.

தராசு சொல்லும் முதல் பாடம்

இரண்டு தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் ஒரு கிலோ எடைக்கல். மறுதட்டில் வெல்லம். முள் நேராக நிற்கிறது. அப்போது தராசின் மேல் விசையே இல்லையா? இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரு கிலோ விசை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிடுவதால் அசைவு இல்லை. இதுதான் சமன் செய்யப்பட்ட விசை.

வெல்லத்தட்டில் இன்னும் ஒரு துண்டு போடுங்கள். அந்தத் தட்டு இறங்குகிறது. இப்போது விசைகள் சமனாக இல்லை. இறங்கவைத்தது முழு வெல்லத்தின் எடை அல்ல. கூடுதலாகப் போட்ட துண்டின் எடை மட்டுமே. எதிர் எதிர்த் திசையில் இருக்கும் இரண்டு விசைகளில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் மிஞ்சுவதைத் தொகுபயன் விசை என்கிறார்கள். மிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் மாற்றம் நடக்கும்.

தராசுக் கோலின் இரண்டு கைகளும் ஒரே நீளமாக இருந்தால்தான் இந்தக் கணக்குச் சரி. ஒரு கை சற்று நீண்டிருந்தால், அந்தப் பக்கம் குறைந்த எடையே முள்ளை நேராக்கிவிடும். உங்கள் தராசு சரியா என்று பார்க்க எளிய வழி, கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி வைத்துப் பார்ப்பதுதான். மாற்றிய பிறகும் முள் நேராக நின்றால் தராசு நேர். சாய்ந்தால் பழுது பார்க்கக் கொடுங்கள்.

மின்னணுத் தராசும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. சரக்கு கீழே அழுத்துகிறது. உள்ளே இருக்கும் உலோகத் துண்டு மிக நுண்ணிய அளவு வளைந்து, அதே விசையால் மேலே தள்ளுகிறது. அந்த வளைவைத்தான் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. சரக்கை வைத்தவுடன் எண் ஏறி, ஆடி, பிறகு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடும் வரை விசைகள் சமனாகவில்லை என்று பொருள். எண் நின்ற பிறகே விலை போட வேண்டும். தட்டில் சரக்கை வீசிப் போட்டு, ஆடும்போதே எண்ணைப் படித்தால் அது எடை அல்ல, வீச்சும் சேர்ந்த கணக்கு. வாடிக்கையாளர் கண்ணில் பட்டால் நம் பெயர்தான் கெடும். மேலே சுழலும் மின்விசிறியின் காற்றும் தட்டை அழுத்தும். ஏலக்காய், குங்குமப்பூ போன்ற விலை உயர்ந்த சிறு எடைகளை நிறுக்கும் தராசை விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

இன்னொரு செய்தி பலருக்குப் புதிதாக இருக்கலாம். பூமியின் இழுப்பு எல்லா ஊரிலும் துல்லியமாக ஒரே அளவு அல்ல. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சற்றுக் குறைவு. வடக்கே போகப் போகச் சற்று அதிகம். டெல்லியில் சரிபார்த்த மின்னணுத் தராசை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து 50 கிலோ மூட்டையை வைத்தால், ஏறத்தாழ 40 கிராம் குறைவாகக் காட்டும். இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இழுப்புக் குறைந்தால் கல்லுக்கும் சரக்குக்கும் ஒரே விகிதத்தில் குறைவதால் சமன் கெடாது. எனவே வெளியூரிலிருந்து வாங்கிய மின்னணுத் தராசை நம் ஊரில் எடைக்கல் வைத்துச் சரிபார்த்து முத்திரை போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தின் விதிகளின்படி எடைக்கற்களுக்கும் கோல் தராசுக்கும் 24 மாதங்களுக்கு ஒரு முறையும், மின்னணுத் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒரு முறையும் மறுமுத்திரை பெற வேண்டும்.

தரையில் மூட்டையைத் தள்ளும்போது

தராசு நிற்கும் பொருளைப் பற்றிச் சொன்னது. நகரும் பொருளுக்கு வருவோம். சிமெண்டுத் தரையில் 50 கிலோ அரிசி மூட்டை இருக்கிறது. 10 கிலோ விசையால் தள்ளுகிறீர்கள். நகரவில்லை. காரணம், தரைக்கும் சாக்குக்கும் இடையிலான உராய்வு, சரியாக 10 கிலோ விசையால் எதிர்த்திசையில் பிடித்துக்கொள்கிறது. 20 கிலோ விசையால் தள்ளினால் உராய்வும் 20 ஆகிறது. மூட்டை இன்னும் நிற்கிறது. ஆனால் உராய்வுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அந்த வரம்பு 25 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 26 தள்ளினால் சமன் உடைகிறது. மூட்டை நகர்கிறது.

நகரத் தொடங்கியதும் உராய்வு சற்றுக் குறைந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். 25 வரை தாங்கிய உராய்வு 20-க்கு இறங்குகிறது என்று கொள்வோம். உங்கள் கை இன்னும் 26 தள்ளிக்கொண்டிருக்கிறது. திடீரென்று 6 கிலோ விசை மிஞ்சுகிறது. மூட்டை "சட்டென்று" போவதும், தள்ளுகிறவர் குப்புறத் தடுமாறுவதும் இதனால்தான். அசையாத சுமையை உடல் பாரம் முழுவதையும் போட்டுத் தள்ளாமல், ஒரு காலை முன்னே ஊன்றிக்கொண்டு தள்ளச் சொல்லுங்கள்.

பிறகு நீங்கள் விசையைக் குறைத்து, சரியாக 20 தள்ளுகிறீர்கள். உராய்வும் 20. இப்போது விசைகள் சமன். மூட்டை நின்றுவிடுமா? நம்மில் பலர் "நின்றுவிடும்" என்றே சொல்வோம். நிற்காது. எந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்ததோ அதே வேகத்தில் போகும்.

இதைக் கணக்கேட்டு மொழியில் சொன்னால் எளிதில் விளங்கும். வரவும் செலவும் சமமாக இருக்கும் மாதத்தில் கையிருப்பு என்னவாகும்? மாறாமல் இருக்கும். கையிருப்பே இல்லாமல் போகும் என்று யாரும் சொல்ல மாட்டோம். மாத ஆரம்பத்தில் 10,000 ரூபாய் இருந்திருந்தால் முடிவிலும் 10,000 இருக்கும். எதுவுமே இல்லாதிருந்தால் முடிவிலும் எதுவும் இராது. விசையும் அப்படித்தான். வேகம் என்பது கையிருப்பு. முன்னே தள்ளும் விசை வரவு, பின்னே பிடிக்கும் விசை செலவு. இரண்டும் சமமானால் வேகம் மாறாது. நின்றது நிற்கும், ஓடுவது ஓடும். வரவு கூடினால் வேகம் கூடும். செலவு கூடினால் வேகம் குறையும். ஓடுகிற ஒன்றை நிறுத்த வேண்டுமானால் தள்ளுவதை விட்டால் மட்டும் போதாது. பின்னே பிடிக்கிற விசை ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

இதைக் கண்டுகொள்ள மனித குலத்துக்கு நீண்ட காலம் பிடித்தது. பொருள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டுமானால் எதுவாவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கருதினார். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் அந்தக் கருத்தே நிலைத்தது. இத்தாலியில் கலிலியோ உருண்டைகளைச் சரிவில் உருட்டிப் பார்த்து, தடை இல்லாவிட்டால் ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும் என்ற முடிவுக்கு வந்தார். இங்கிலாந்தில் ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில் இதையே இயக்கத்தின் முதல் விதியாக வைத்தார். ஒரு பொருள் தன் நிலையை விடாமல் பிடித்துக்கொள்ளும் இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். இதே நியூட்டன் 1696-இல் லண்டன் நாணயச் சாலையில் பொறுப்பேற்று, விளிம்பு வெட்டப்பட்டு எடை குறைந்த வெள்ளி நாணயங்களைத் திரும்பப் பெற்றுப் புது நாணயம் அடிக்கும் பணியைக் கவனித்தார் என்பது நம்மைப் போன்ற எடை பார்க்கும் தொழிலினருக்குச் சுவையான செய்தி.

நியூட்டனின் இரண்டாம் விதியும் நமக்கு வேண்டும். சமனில்லா விசை ஒரே அளவாக இருந்தாலும், கனமான பொருளின் வேகம் மெதுவாகவே மாறும். சக்கரத் தள்ளுவண்டியில் இதை நாளும் பார்க்கிறோம். சக்கரம் இருப்பதால் உராய்வு குறைவு. 300 கிலோ சரக்கையும் ஓர் ஆள் நகர்த்திவிடுகிறார். ஆனால் உராய்வு குறைவு என்பது ஓடும்போதும் குறைவுதான். பின்னே பிடிக்க ஆளில்லை. சரிவில் அந்த வண்டியை முன்னால் நின்று மார்பால் தடுக்க நினைப்பது, 300 கிலோவின் ஓட்டத்தை ஓர் உடம்பால் நிறுத்த நினைப்பதாகும். சரிவில் எப்போதும் ஆள் மேட்டுப் பக்கம் நின்று கயிற்றால் பிடித்து இறக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

மினி லாரியில் நடந்தது என்ன?

இப்போது என் டின்களுக்குத் திரும்புவோம். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது என்று கொள்வோம். வண்டி மட்டுமா அந்த வேகத்தில் வந்தது? டின்னும் வந்தது. லோடுமேனும் வந்தார். எல்லோருடைய கையிருப்பும் 40 கிலோமீட்டர்.

பிரேக் அழுத்தியதும் சக்கரம் இறுகி, சாலை வண்டியைப் பின்னே பிடித்தது. சுமார் 10 மீட்டர் தூரத்தில், இரண்டு வினாடிக்குள் வண்டி நின்றது என்று வைத்துக்கொள்வோம். அதே பத்து மீட்டரில் ஒரு டின்னும் நிற்க வேண்டுமானால், அதை அதன் எடையில் பத்தில் ஆறு பங்கு விசையால் யாராவது பின்னே பிடிக்க வேண்டும். 15 கிலோ டின்னுக்கு அது சுமார் 9 கிலோ விசை.

சாலை வண்டியைத்தான் பிடிக்கிறது. டின்னைப் பிடிப்பது எது? வண்டியின் அடித்தகட்டில் இருக்கும் உராய்வு ஒன்றுதான். இரும்புத் தகட்டின் மேல் தகர டின்னுக்குக் கிடைக்கும் உராய்வு எடையில் பத்தில் மூன்று பங்கு என்று கொண்டால், கிடைப்பது 4.5 கிலோ விசை. தகட்டில் எண்ணெய் சிந்தியிருந்தால் அதுவும் கிடைக்காது. வேண்டியது 9, இருப்பது 4.5. பற்றாக்குறை 4.5. அதனால் வண்டி குறைந்த அளவுக்கு டின்னின் வேகம் குறையவில்லை. டின் பாயவே இல்லை, நண்பர்களே. அது தன் பழைய வேகத்தை விடாமல் வைத்திருந்தது, அவ்வளவுதான். வண்டிதான் அதன் அடியிலிருந்து பின்தங்கியது.

ஒரு டின்னுக்கு 4.5 என்றால் சிறிதாகத் தெரியும். நாற்பது டின்களின் சரக்கு எடை 600 கிலோ. அவற்றுக்கு வேண்டிய விசை 360 கிலோ. உராய்வு கொடுத்தது 180. மீதி 180 கிலோ விசையை யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். கயிறு கட்டியிருந்தால் கயிறு கொடுத்திருக்கும். டின்களை இடைவெளியில்லாமல் ஓட்டுநர் அறையின் பின்சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தால் சுவர் கொடுத்திருக்கும். இரண்டும் இல்லாததால் ஒரு மனிதரின் கால் கொடுத்தது.

இரண்டடி இடைவெளி இன்னொரு கேடும் செய்தது. சரக்கு ஒட்டி இருந்தால் தொடக்கத்திலிருந்தே பிடிபடும். இடைவெளி இருந்தால் அந்தத் தூரத்தில் வண்டிக்கும் டின்னுக்கும் வேக வித்தியாசம் வளர்ந்துவிடும். பிறகு மோதும்போது அந்த வித்தியாசம் முழுவதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தீர வேண்டும். அப்போது தாக்கும் விசை நம் 180 கணக்கைவிடப் பல மடங்கு. எலும்பு முறிந்ததற்குக் காரணம் அதுதான்.

திருப்பத்தில் சரக்கு பக்கவாட்டில் சரிவதும் இதே காரணம். வண்டி இடப்பக்கம் திரும்புகிறது. சரக்கு நேராகப் போகப் பார்க்கிறது. நமக்கு அது வலப்பக்கம் சாய்வதாகத் தெரிகிறது. மொபெட்டில் ஒரு பக்கம் மட்டும் மூட்டை தொங்கவிட்டுப் போகிறவர் திருப்பத்தில் தடுமாறுவதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். வேகம் இரண்டு மடங்கானால், அதே பிரேக்குக்கு நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் ஓட்டுநருக்குச் சொல்லி வையுங்கள்.

கிடங்கில் அட்டி

அட்டி போட்ட மூட்டைகள் அசையாமல் நிற்பதைப் பார்த்து அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று எண்ணிவிடுகிறோம். பத்து மூட்டை உயர அட்டியில் அடி மூட்டையின் மேல் 450 கிலோ அழுத்திக்கொண்டிருக்கிறது. அடி மூட்டை அதே 450 கிலோ விசையால் மேலே தாங்கிக்கொண்டிருக்கிறது. தாங்கும் வரை சமன். அந்த மூட்டையை எலி கடித்து அரிசி ஒழுகினாலோ, ஈரம் ஏறிச் சாக்கு இற்றுப்போனாலோ, தாங்கும் விசை அந்த ஒரு மூலையில் குறைகிறது. அட்டி சாய்கிறது. மேல் மூட்டைகளின் பாரம் அடித்தளத்தின் எல்லையைத் தாண்டி விழும் அளவுக்குச் சாய்ந்துவிட்டால், பிறகு அதைப் பிடிக்க எதுவும் இல்லை.

எனவே அடியில் மரக்கட்டை போட்டு, ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்த வரிசை குறுக்காகவும் மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒன்றன் பிடி மற்றொன்றுக்குக் கிடைக்கும். சணல் சாக்கைவிடப் பிளாஸ்டிக் இழைச் சாக்கு வழுக்கும். அதற்கு உராய்வு குறைவு. அவற்றின் அட்டியைத் தாழ்வாகவே போடுங்கள். சரக்கு எடுக்கும்போது மேலிருந்து படிப்படியாக எடுக்க வேண்டும். அவசரத்துக்கு நடுவில் ஒரு மூட்டையை உருவுவது, தராசில் ஒரு தட்டுக் கல்லை மட்டும் எடுப்பதற்குச் சமம். அட்டி ஒரு பக்கம் புடைத்தோ சாய்ந்தோ தெரிந்தால், கையால் தள்ளி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அடியில் யாரும் நிற்காமல் மேலிருந்து இறக்கி மறுபடி அடுக்குங்கள்.

ஏணியும் ஷட்டரும்

மேல் அலமாரிக்குச் சாய்த்து வைக்கும் ஏணியின் அடிக்கால் வெளிப்பக்கமாக நழுவப் பார்க்கிறது. தரையின் உராய்வு அதைப் பிடித்திருக்கிறது. ஏணியை அதிகம் சாய்த்தால் நழுவும் விசை கூடும். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் அடிக்காலைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது நல்ல அளவு. டைல்ஸ் தரையில் எண்ணெயோ நீரோ இருந்தால் உராய்வு வரம்பு குறைந்துவிடும். துடைத்துவிட்டு, அடியில் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

ஷட்டர் விஷயம் பலர் கவனிக்காதது. அத்தனை கனமான இரும்பு ஷட்டரை ஒருவர் எப்படித் தூக்கிவிடுகிறார்? மேலே உருளைக்குள் முறுக்கி வைத்த சுருள் வில் இருக்கிறது. ஷட்டரின் எடையில் பெரும் பகுதியை அது ஈடுசெய்கிறது. மீதியை மட்டுமே உங்கள் கை தூக்குகிறது. ஒரு நாள் காலை ஷட்டர் வழக்கத்தைவிடக் கனமாகத் தெரிந்தால், கனம் கூடியது ஷட்டருக்கு அல்ல. வில் தளர்ந்திருக்கிறது அல்லது ஒன்று உடைந்திருக்கிறது. பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அன்றைக்கு அதைச் செய்யாதீர்கள். பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

மூன்று கேள்விகள்

இந்தப் பாடத்திலிருந்து கடையில் மாட்டி வைக்கத் தக்கவை மூன்று கேள்விகள்தான்.

1. இந்தச் சுமையை இப்போது எது எது பிடித்துக்கொண்டிருக்கிறது? தரையா, கயிறா, சுவரா, வில்லா, உராய்வா?

2. அவற்றில் ஒன்று போய்விட்டால் மிஞ்சும் விசை எந்தப் பக்கம் இழுக்கும்? அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா?

3. இந்தச் சுமை ஓடத் தொடங்கினால், அல்லது ஓடிக்கொண்டிருப்பது நிற்க வேண்டி வந்தால், அதை நிறுத்தும் விசையைக் கொடுக்கப் போவது எது?

மூன்றாவது கேள்விக்கு "நம் ஆள் பிடித்துக்கொள்வார்" என்பது விடையாக வந்தால், அந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

அந்த லோடுமேன் நான்கு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். மருத்துவச் செலவும் வீட்டுச் செலவுக்குப் பணமும் கொடுத்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் சரக்கு, நான் அமர்த்திய வண்டி, என் கண்ணெதிரே ஏற்றிய டின்கள். கயிறு வண்டியில் இருந்தது. கட்டச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஆட்டின் மீதும் பிரேக்கின் மீதும் பழி போட்டுவிட்டு அன்றே மறந்திருப்பேன். டின்னை யாரும் தள்ளவில்லை என்பது புரிந்த பிறகு அப்படி மறக்க முடியவில்லை.

அன்றிலிருந்து என் கடைக்கு வரும் சரக்கு, அடுத்த தெருவிலிருந்து வந்தாலும், கயிறு கட்டாமல் புறப்படுவதில்லை. சரக்குப் பகுதியில் ஆள் உட்கார்ந்து வருவதும் இல்லை. கட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்தை நான் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.